அய்யன்காளி: வாக்கில்லாதோர் பெற்ற இருக்கை

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 வரை திருவனந்தபுரத்திலிருந்தே ஆளப்பட்டன. ஆகவே 1863இல் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளியை அண்டை மாநிலத் தலைவரென்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை விண்ணப்பங்களைக் கேட்கும், சட்டம் இயற்றாது. நிலவரியோ வருமானமோ பட்டமோ உடையோர்க்கே வாக்கு. நிலத்தில் உழைத்தும் நிலமற்றிருந்த புலையருக்காக அங்கே முதலில் பேசியவர் சுபாஷிணி இதழாசிரியர் கோவிந்தப் பிள்ளை. அவர்களுள் ஒருவரே உறுப்பினராக வேண்டுமென்று வேண்டியவரும் அவரே. (இன்று எத்தனை பேர் இப்படி இடம்விடுவார்கள்?) 1911 இறுதியில் அய்யன்காளி நியமிக்கப்பட்டார். எழுத்தறியாத அவர் புறம்போக்கு நிலமும் பள்ளிச் சேர்க்கையும் அரசுப் பணியும் கேட்டார்.

பள்ளிச் சேர்க்கைக்கு 1910லேயே அரசாணை இருந்தது. ஆணையைத் தடுத்தோர் பள்ளி வாசலில் நின்றனர். நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலத்தில் ஒரு புலையர் சிறுமியை அவர் சேர்க்க முயன்றபோது பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையெனில் வயலில் வேலையும் இல்லையென்று தொழிலாளர் நிறுத்தம் செய்ததும் அவர் தலைமையில்தான். சபையில் அவர் குரலுக்கு எடை தந்தது ஆளிறங்காத அந்த வயல்களே என்பது நம் கணிப்பு.

கால் நூற்றாண்டுக்கு மேல் உறுப்பினராயிருந்து 1941இல் மறைந்தார். சபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019இல் அவர் பெயர் பெற்றது. நாகர்கோவில் மாநகராட்சியானதும் அதே ஆண்டில்தான். அதன் பகுதி சபைகளுக்குச் செல்லும் தோழர்கள், கோரிக்கையோடு அது நிறைவேற வேண்டிய தேதியையும் பொறுப்பான அலுவலரையும் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள்.