ஜான் குவின்ஸி ஆடம்ஸ்

உயர்ந்த பதவியை எய்தினோர் சரித்திரம் பெரும்பாலும் அப்பதவியோடு முடிவடைந்துவிடுகின்றது. பதவி இழந்த பின்னரே தம் வாழ்நாளின் தலைசிறந்த தொண்டைத் தொடங்கினோர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் ஆறாவது ஜனாதிபதியாக விளங்கிய ஜான் குவின்ஸி ஆடம்ஸ் என்பவர். அட்லாண்டிக் கடலோரத்தில் பிறந்த குடியரசு பசிபிக் கடல்வரை பரவுதற்கு வழிகோலியவருள் இவர் முதன்மையானவர். அப்பரப்பிலே அடிமைத்தனமும் உடன் பரவுதலைக் கண்டு, தம் முதுமைக்காலம் முழுதும் அதனை எதிர்த்து நின்றவரும் இவரே. இவ்விரண்டும் ஒருவர் வாழ்க்கையில் எங்ஙனம் அமைந்தன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவர் 1767-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி மஸாசூஸெட்ஸ் நாட்டில் பிரெயின்ட்ரீ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜான் ஆடம்ஸ், பின்னர் இரண்டாவது ஜனாதிபதியானவர். தாயார் அபிகெயில், கூரிய அறிவும் திடமான ஒழுக்கமும் உடைய மாதரசி. 1775-ம் ஆண்டு பங்கர் குன்றில் நடந்த போரின் புகையையும் தீயையும், எட்டு வயது நிரம்பாத இச்சிறுவர் தாயாருடன் தம்மூர்க் குன்றின்மேல் நின்று கண்டார். பத்தாம் வயதில் தந்தையாருடன் கடல் கடந்து பிரான்ஸ் தேசம் சென்றார். பதினான்காம் வயதிலே, ருஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கத் தூதருக்குக் காரியதரிசியாகி, பிரெஞ்சு மொழியில் அவருக்குத் துணை புரிந்தார். இங்ஙனம் ஐரோப்பாவிற் பல நகரங்களைக் கண்டு திரும்பிய இவ்விளைஞர் ஹார்வர்டு கல்லூரியிற் சேர்ந்து 1787-ல் பட்டம் பெற்றார். சிறு பருவத்தில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை மரணத்தறுவாய் வரையில் இவர் கைவிட்டாரில்லை. அது 51 தொகுதிகளாக நிற்கின்றது.

ஜனாதிபதி வாஷிங்டன் இவரை 1794-ல் ஹாலந்து தேசத்துக்குத் தூதராக அனுப்பினார். பின்னர் இவர் பிரஷ்யாவிலும் தூதராயிருந்து, 1803-ல் செனெட் சபையில் அமர்ந்தார். தம் கட்சியார் விரும்பாதிருந்தும், லூயிஸியானா நாட்டைப் பிரான்ஸிடமிருந்து விலைக்கு வாங்கியதை ஆதரித்தார். ஆயினும் அந்நாட்டு மக்களின் சம்மதமின்றி அவர்களை ஆள்வது முறையன்று என்றும் வாதித்தார். 1807-ல் அந்நிய வாணிகத்தைத் தடைசெய்த சட்டத்துக்கும் துணை நின்றமையால், அவர் கட்சியார் சினந்து, அவருடைய காலம் முடியுமுன்னரே வேறொருவரை அவ்விடத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். இவரும் உடனே பதவியைத் துறந்தார். மனச்சாட்சியின்பொருட்டுப் பதவியிழத்தல் இவருக்கு அதுவே முதன்முறை, இறுதிமுறையன்று. அக்காலத்திலே தாம் பயின்ற ஹார்வர்டில் இவர் சொற்கலைப் பேராசிரியராகவும் விளங்கினார் என்பது கல்லூரியில் வாழும் நாம் கருதத்தக்கது.

அதன்பின் ருஷ்யாவில் ஐந்தாண்டு தூதராயிருந்தார். 1814-ம் ஆண்டு டிஸம்பர் 24-ந் தேதி இங்கிலாந்துடன் போரை முடித்த கெண்ட் உடன்படிக்கையில் அமெரிக்கரின் பக்கம் நின்று கையொப்பமிட்டவருள் இவரும் ஒருவர். 1817-ல் ஜனாதிபதி மன்றோ இவரை அழைத்து அந்நியநாட்டு விவகார மந்திரியாக்கினார். அமெரிக்கக் குடியரசின் எல்லைகள் பெரிதும் வரையறுக்கப்பட்டது இவர் அமைச்சராயிருந்த எட்டாண்டுகளிலேயாம்.

1818-ல் இங்கிலாந்துடன் செய்த ஒப்பந்தத்தால், ராக்கி மலைவரையில் வடவெல்லை 49-வது அட்சரேகையில் அமைந்தது. அவ்வாண்டே தளபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன், ஸ்பெயினுக்குரிய புளோரிடாவுக்குள் படையுடன் புகுந்து கோட்டைகளைக் கைப்பற்றினார். மற்றைய மந்திரிமார் அச்செயலைக் கண்டிக்க முற்பட, ஆடம்ஸ் ஒருவரே ஜாக்ஸனுக்காக வாதாடினார். ஸ்பெயின் தன் நாட்டைக் காக்க வலியற்றதெனின் அதனை விட்டுக்கொடுத்தலே தக்கது என்பது இவர் கட்சி. 1819-ம் ஆண்டு பெப்ருவரி 22-ந் தேதி ஸ்பெயின் தூதர் ஓனிஸ் என்பாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் புளோரிடா அமெரிக்கருக்கு வந்தது. அதனினும் மேலாக, ஸபீன் நதியில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 42-வது அட்சரேகை வழியே பசிபிக் கடலை எட்டும் எல்லை ஒன்றையும் ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. 1823-ல் மன்றோ வெளியிட்ட புகழ்பெற்ற கொள்கை, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் புதிதாகக் குடியேற்ற நாடுகள் அமைக்கலாகாது என்று கூறுவது. அதனை உருவாக்கியதிலும் ஆடம்ஸின் கருத்தே மேலோங்கி நின்றது.

இவ்வெற்றிகளுக்கிடையே ஒரு நிழல் படர்ந்திருந்ததை நாம் மறைத்தலாகாது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் 1793-ல் தோன்றிய பின், தெற்கே புதிதாகத் திறக்கப்பட்ட நிலமெல்லாம் பருத்தி நிலமாயிற்று. பருத்தி நிலமெல்லாம் அடிமைகள் உழைக்கும் நிலமாயிற்று. 1790-ல் ஏறக்குறைய 7 இலட்சமாயிருந்த அடிமைகளின் தொகை 1850-ல் 32 இலட்சமாகப் பெருகியது. மேலும், புதிய மாகாணம் ஒவ்வொன்றும் செனெட் சபைக்கு இருவரை அனுப்பும் உரிமை பெற்றமையால், அடிமைகளையுடைய மாகாணங்கள் பெருகப்பெருக அவற்றின் அதிகாரமும் பெருகியது. 1820-ல் செய்த ஏற்பாட்டின்படி மிஸௌரி நாடு அடிமைகளோடு ஐக்கியத்திற் சேர்க்கப்பட்டு, வடக்கே மெயின் நாடு அடிமைகளின்றிச் சேர்க்கப்பட்டு, ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது. இவ்வழக்குப் பெருந்துன்பமொன்றின் முன்னுரையே என ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் அஞ்சி எழுதினார். ஆயினும் வெளிப்படையாக அன்று அவர் ஒன்றும் கூறினாரல்லர். பிற்காலத்து அவர் காட்டிய வேகத்துக்கு இம்மௌனமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நாம் எண்ணுகின்றோம்.

1824-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் ஜாக்ஸன் 99 வாக்குகளும் ஆடம்ஸ் 84 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் தீர்ப்பு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. 24 மாகாணங்களுள் 13 மாகாணங்களின் ஆதரவால் ஆடம்ஸ் தெரிந்தெடுக்கப்பட்டார். அவருக்குத் துணைநின்ற ஹென்றி கிளே என்பவரை அவர் அந்நியநாட்டு விவகார மந்திரியாக்கவே, இருவரும் இரகசியப் பேரம் செய்தனரென்று எதிர்க்கட்சியார் நாடெங்கும் பறைசாற்றினர். அப்பழி அவருடைய ஆட்சி முழுவதையும் பற்றிநின்றது. சாலைகளும் கால்வாய்களும் அமைத்தல், தேசியப் பல்கலைக்கழகம் நிறுவுதல், வானாராய்ச்சி நிலையம் எழுப்புதல் என்று அவர் விடுத்த திட்டங்கள் பல ஏளனத்துக்கே இலக்காயின. ஜார்ஜியாவிலே கிரீக்கர் என்னும் ஆதிகுடியினரின் நிலத்தைச் சில தலைவர்கள் வாயிலாக வஞ்சனையாற் பெற்ற உடன்படிக்கையை அவர் விலக்கி, 1826-ல் வேறொன்று செய்வித்தார். ஆனால் ஜார்ஜியா அரசாங்கம் அதனை மதியாது நிலத்தை அளக்கத் துணிந்தபோது, இறுதியில் அவரே விட்டுக்கொடுத்தார், கிரீக்கர் நிலமிழந்தனர். நீதி எது என்று அறிந்தும் அதனை நிலைநாட்டும் வலிமை அவருக்கு அன்று இல்லை. 1828-ம் ஆண்டுத் தேர்தலில் ஜாக்ஸன் 178 வாக்குப் பெற, ஆடம்ஸ் 83 பெற்றுத் தோல்வியடைந்தார். அடுத்த ஆண்டே மூத்த புதல்வரையும் பறிகொடுத்தார்.

தோல்வியும் துயரமும் சூழ்ந்த இந்நிலையில் வேறெவராயினும் வீட்டில் ஒதுங்கியிருப்பர். ஆடம்ஸோ, 1830-ல் தம்மூரார் வேண்டிக்கொண்டதற்கு இசைந்து, பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் முதற்பதவியில் இருந்தவர் இச்சபையில் அமர்வது இழிவாகாதோ என்று கேட்டோருக்கு, மக்கள் தரும் எப்பணியும் இழிவாகாது என்பதே அவர் கொண்ட கருத்து.

அக்காலத்தில் அடிமைமுறையை ஒழிக்குமாறு வடநாட்டு மக்கள், அவருள்ளும் பெண்மணிகள், ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அனுப்பி வந்தனர். அவற்றைப் படிக்காமலும் விவாதியாமலும் ஒதுக்கிவிட வேண்டுமென்று 1836-ல் சபையார் ஒரு விதி செய்தனர். முறையிடும் உரிமையை அடைப்பது குடியரசின் உயிரை அடைப்பதாகும் எனக் கண்ட ஆடம்ஸ், எட்டாண்டுகள் இடைவிடாது அவ்விதியோடு போராடினார். 1837-ல் ஒருநாள், அடிமைகள் 22 பேர் அனுப்பியதாகக் கூறும் விண்ணப்பம் ஒன்று தம்மிடம் உண்டென்றும், அதனை ஏற்றல் விதிக்கு ஒக்குமோ என்றும் சபாநாயகரை வினவினார். தென்னாட்டுப் பிரதிநிதிகள் கொதித்தெழுந்து, அவரைக் கண்டிக்கவேண்டுமென ஆர்ப்பரித்தனர். ஆரவாரம் ஓய்ந்தபின், அவ்விண்ணப்பம் அடிமைமுறை ஒழிப்பை வேண்டியதன்று, அதற்கு மாறானது என்று ஆடம்ஸ் அமைதியாகத் தெரிவித்தார்! 1842-ல் மீண்டும் அவர்மேற் கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. எழுபத்துநான்கு வயதுக் கிழவர் ஏறக்குறைய இரண்டு வாரம் தமக்காகத் தாமே வாதாடினார். எதிரிகள் சலித்துத் தீர்மானத்தைக் கைவிட்டனர். 1844-ம் ஆண்டு டிஸம்பர் மாதத்தில் அவ்விதி 108 வாக்குக்கு 80 வாக்காக நீக்கப்பட்டது.

இதனிடையே 1841-ல் அவருடைய புகழை நிலைநிறுத்திய வழக்கொன்று நேர்ந்தது. ஆபிரிக்காவிலிருந்து சட்டவிரோதமாகக் கவர்ந்துவரப்பட்டுக் கியூபாவில் விற்கப்பட்ட 53 பேர், அமிஸ்டாட் என்னும் ஸ்பானியக் கப்பலிற் கலகம் செய்து அதனைக் கைக்கொண்டனர். ஆயினும் தாயகம் சேர இயலாது அமெரிக்கக் கரையிற் பிடிபட்டுச் சிறையிலிருந்தனர். ஸ்பெயினிடம் அவர்களை ஒப்புவிக்க அரசாங்கமே முயன்றது. முப்பதாண்டுகளுக்கு மேலாக உயர்தர நீதிமன்றத்தில் வாதாடியிராத ஆடம்ஸ், அந்நியர்களாகிய அவர்களுக்காக அம்மன்றத்தில் நின்று இரண்டு நாள் வாதித்தார். மார்ச்சு மாதம் 9-ந் தேதி அவர்கள் சுதந்தரர் என்று தீர்ப்பாயிற்று. எஞ்சியிருந்த 35 பேர் தாயகம் மீண்டனர்.

இனி, தேசத்தின் விரிவைப்பற்றி அவர் கொண்ட கொள்கையை நோக்குவோம். டெக்ஸஸ் நாட்டைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தை எதிர்த்து, 1838-ல் மூன்று வாரகாலம் நாள்தோறும் சபையிற் பேசினார். மெக்ஸிகோ அடிமைமுறையை ஒழித்த நிலத்தில் அதனை மீண்டும் நாட்டுவது நாகரிகத்தைப் பின்னோக்கி நடத்துவதாகும் என்பது அவர் துணிபு. ஆயினும் 1845-ல் டெக்ஸஸ் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெக்ஸிகோவுடன் போர் மூண்டது. போருக்கு 174 பேர் இசைய, மறுத்தோர் பதினால்வரே. அவருள் ஆடம்ஸ் ஒருவர். அதே ஆண்டில் ஆரெகான் நாடு முழுவதையும் அமெரிக்கா கோரவேண்டுமென்று வற்புறுத்தியவரும் அவரே. இஃது முரண்பாடோ எனின், அன்று. தேசம் விரிவதை அவர் வெறுக்கவில்லை. அடிமைச் சங்கிலி அதனோடு நீள்வதையே வெறுத்தார்.

1848-ம் ஆண்டு பெப்ருவரி 21-ந் தேதி, மெக்ஸிகோப் போரில் வென்ற தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் சபைமுன் வந்தது. ஆடம்ஸ் உரத்த குரலில் மறுப்புத் தெரிவித்தார். சிறிது நேரத்துக்குள் எழுந்து பேச முயன்றவர் தம் ஆசனத்திலேயே சாய்ந்தார். சபாநாயகரின் அறைக்கு அவரைக் கொண்டுசென்றனர். 23-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். அன்று அச்சபையில் இல்லினாய் நாட்டினின்று வந்த புதிய அங்கத்தினர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். போர்க்காலத்தில் அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டென்று ஆடம்ஸ் சபையில் வற்புறுத்தியிருந்தார். 1863-ல் அத்தகைய அதிகாரத்தையே லிங்கன் கையாண்டார். 1865-ல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது.

ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று நாம் கூறோம். இன்சொல் அவருக்கு அரிது. கோபமும் பிடிவாதமும் உடையவர். புளோரிடா விஷயத்தில் அவர் ஆதரித்த ஜாக்ஸனே, பிற்காலத்து ஆதிகுடிகளைத் தம் நிலங்களினின்றும் அகற்றியவர். எல்லைக்கோட்டை வரைவது எளிது, அதனுள் நீதியை நிறைப்பது அரிது என்பதை ஆடம்ஸ் காலங்கடந்தே முற்றும் உணர்ந்தார். உணர்ந்தபின் ஓய்ந்திருந்தாரல்லர், அதுவே அவர் பெருமை. அவர் ஜனாதிபதியாயிருந்து முடிக்க முடியாதவற்றுட் சில, தனி அங்கத்தினராயிருந்தபோது முடிந்தன. ஏளனஞ்செய்யப்பட்ட வானாராய்ச்சி நிலையங்களுள் ஒன்றுக்கு 1843-ல் ஸின்ஸினாட்டி நகரில் அவரே அடிக்கல் நாட்டினார். கல்வி முடித்து உலகிற் புகும் நம் இளைஞர், எந்த ஆசனம் கிடைக்கும் என்று வினவுமுன், கிடைத்த ஆசனத்திலிருந்து எதற்காக எழுந்து பேசப்போகிறோம் என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராயின், இப்பெரியாரின் சரித்திரத்தைக் கற்ற பயனை எய்தியவராவர்.