பெயரிட்ட பேரறிஞர் தெரணியகல

புறக்கோட்டையிலிருந்து பாணந்துறை நோக்கிச் செல்லும் பஸ் வண்டி வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை ஆகிய இடங்களைக் கடந்து இரத்மலானையை அடையும். அவ்வூர்க் கடற்கரையில் 1963ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் நாள், ஏறக்குறையப் பதினைந்து அடி நீளமும் நீலச் சாம்பல் நிறமுங் கொண்ட பெண் கடல்விலங்கொன்று ஒதுங்கிற்று. கவனிப்பாரற்றுக் கிடந்திருப்பின் அது சில நாளில் அழுகி மணலோடு மறைந்திருக்கும். அதன் எலும்பைக் காத்து, அதற்கொரு பெயரும் அளித்தவர் பி. இ. பி. தெரணியகல என்னும் அறிஞர். மொழியாசிரியனாகிய எனக்கு விலங்கியலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பெயரிடுதல் மொழியின் தொழிலன்றோ! தொல்காப்பியர் தமது மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுத்து, அவற்றின் இளமைப் பெயரும் ஆண்பெண் பெயரும் தொகுத்துரைத்தமை மாணவர் அறிந்ததே.

தெரணியகல 1900ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் சேர் போல் பீரிஸ் நீதித்துறையிற் கடமையாற்றியவர். போர்த்துக்கேயர் கால வரலாற்றை விரிவாக எழுதியவர். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் அகழ்ந்து பழம்பொருள் தேடியவர். தந்தையார் மண்ணிற் கண்ட பழமையை மைந்தர் எலும்பிலும் ஓட்டிலும் தேடினார். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் கற்றுத் தாயகம் மீண்ட அவர், 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். கடலாமைகளும் முதலைகளும் பற்றிய அவருடைய பெருநூல் 1939இல் வெளிவந்தது. இரத்தினபுரிச் சுரங்கங்களிற் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை ஆராய்ந்து, இலங்கையில் ஒருகாலத்திற் சிங்கமும் காண்டாமிருகமும் நீர்யானையும் வாழ்ந்தன எனக் காட்டினார். பலாங்கொடை மனிதன் என இன்று பாடநூல்கள் கூறும் தொன்மாந்தருக்கு அப்பெயர் வழங்கியவரும் அவரே.

இனி இரத்மலானைக்கு வருவோம். கரையொதுங்கிய விலங்கு, ஓங்கிலைப் போலவே பல்லுடைத் திமிங்கில வகுப்பைச் சார்ந்தது. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டுவது. வடிவால் மீனாயினும் இயல்பால் மீனன்று. அதன் வாய் அலகு போல நீண்டிருந்தது. தெரணியகல அதனைப் புதிய இனமெனத் துணிந்து, அவ்வாண்டிலேயே விவரித்து வெளியிட்டார். உயிரினங்களுக்கு இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பெயரிடுவதே பெருவழக்கு. அவரோ மெசோபிளோடன் என்னும் பொதுப்பெயரின் பின் ‘ஹொட்டவுல’ எனச் சிங்களச் சொல்லையே சேர்த்தார். ‘ஹொட்ட’ என்பது அலகு; ‘உல’ என்பது கூர்மை. முன்னரும் முதலை வகையொன்றுக்கு ‘கிம்புல’ என்றே பெயரிட்டிருந்தார். தாய்மொழிச் சொல் உலக அறிவியலில் நிலைபெற வேண்டும் என்னும் உறுதி அப்பெயர்களிற் புலனாகின்றது.

ஆயினும் உலகம் உடனே உடன்படவில்லை. 1958இல் யப்பானிய அறிஞர் இருவர் அலகுத் திமிங்கில இனமொன்றை விவரித்திருந்தனர். அதன் பல் கிங்கோ மரத்தின் இலையை ஒத்தது. இரத்மலானை விலங்கும் அதுவே என 1965இல் வேறு அறிஞர் தீர்மானித்தனர். இவ்வகைத் திமிங்கிலங்களில் முதிர்ந்த ஆணுக்கே பல் வெளிப்படும். பல்லின் வடிவே இனங்காணும் முதன்மையான அடையாளம். கிடைத்ததோ பெண் விலங்கு. ஆதலின் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 1970களில் தெரணியகல மறைந்தபோது, அவர் இட்ட பெயர் வழக்கொழிந்தே கிடந்தது.

எலும்பு மாத்திரம் நூதனசாலையிற் காத்திருந்தது. இலங்கை, மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாட்டி, பல்மைரா ஆகிய இடங்களிற் கிடைத்த ஏழு விலங்குகளின் எச்சங்களை மெரல் டேல்பௌட் என்னும் அம்மையாரும் அவர்தம் கூட்டத்தாரும் ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றில் எலும்பைத் துளைத்தே மரபணுவைப் பெற வேண்டியிருந்தது. தெரணியகல கூறியதே சரி. அது தனியினமே என 2014இல் நிறுவினர். அரை நூற்றாண்டின் பின் ‘ஹொட்டவுல’ மீண்டது.

புகழ்ச்சிக்காக உண்மையை மறைத்தல் ஆகாது. யானைக்கும் முதலைக்கும் அவர் வகுத்த உட்பிரிவுகள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. இத்துறையில் இது புதிதன்று. சாதாரண ஓங்கிலையே 1994இல் அலகின் நீளங்கொண்டு இரண்டினமாகப் பிரித்தனர். பின்னர் மரபணுவை நோக்கி மீண்டும் ஒன்றாக்கினர். அறிஞன் தவறலாம், சான்றைக் காத்துவைப்பானாயின் பின்வருவோர் அவன் தவற்றைத் திருத்துவர், மெய்யை மீட்பர். எலும்பு கடலோடு போயிருப்பின் தெரணியகலவின் துணிபு வெறுஞ் சொல்லாகவே முடிந்திருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒன்று கூற விழைகிறேன். நம் மீனவர் ‘ஓங்கில்’ என அழகுற வழங்கும் உயிரை நம் பிள்ளைகள் ‘டொல்பின்’ என்றே எழுதுகின்றனர். சிங்களச் சொல்லொன்றை உலக ஏட்டில் ஏற்றினார் தெரணியகல. நாமோ கைவசமுள்ள சொல்லையும் கைவிடுகிறோம். மாணவர் கரையோர ஊர்களுக்குச் சென்று, கடலுயிர்களுக்கு மீனவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு, ஊரும் நாளுங் குறித்து எழுதிவைப்பாராக. அவர் எலும்பைக் காத்தார். நாம் சொல்லைக் காப்போம்.