சந்திரபாபு: பாட்டுக்கு அப்பால் ஒரு நடிகர்

பழைய திரைப்படங்களில் ஈடுபாடு கொண்ட அன்பர்கள் கூடுமிடத்தில் ஜே. பி. சந்திரபாபுவின் பெயர் எழுந்தால், பேச்சு முதலில் அவருடைய பாடல்களை நோக்கியே செல்லும். பின்னர்தான் வாதம் தொடங்கும். அவர் ஏற்ற வேடங்களுள் உரிய பாராட்டைப் பெறாதது எது? ஒருவர் 'சகோதரி' என்பார். மற்றொருவர் 'கவலை இல்லாத மனிதன்' என்பார். இன்னொருவர் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று அடித்துக் கூறுவார். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல விரும்புவோர் முதலில் அக்கலைஞரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூரின் புகழ்பெற்ற பனிமய மாதாவின் நினைவைத் தாங்கியது அவருடைய பெயர். தந்தையார் ரோட்ரிகஸ் விடுதலை வேட்கை மிக்கவர், பத்திரிகை நடத்தியவர். 1929இல் அவர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுக் கைதானார். அதன் விளைவாக அக்குடும்பம் தாய்மண்ணை விட்டு இலங்கைக்குச் செல்ல நேர்ந்தது. கைக்குழந்தைப் பருவம் நீங்காத சந்திரபாபு கொழும்பில் வளர்ந்து, அங்கேயே கல்வி பயின்றார். 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 16.

திரைத்துறையின் கதவுகள் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. 1947இல் வெளிவந்த 'தன அமராவதி' படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் வறுமையே துணையாயிற்று. ஜெமினி நிறுவனத்தில் வாய்ப்புத் தேடி அலைந்து, மனமுடைந்து, அங்கேயே உயிரை மாய்த்துக் கொள்ளவும் முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஜெமினி நிறுவனத்தின் 'மூன்று பிள்ளைகள்' 1952இல் வெளிவந்தபோது அதில் அவரும் ஒரு நடிகராக இடம்பெற்றிருந்தார்.

பாட்டே அவருடைய முதல் ஏணியாயிற்று. குரலைத் திடீரென உச்சத்திற்குத் தாவவிட்டு மீட்கும் மேனாட்டு மலைவாழ் மக்களின் பாட்டுமுறையைத் தமிழ்த் திரைக்கு அறிமுகப்படுத்திய முன்னோடி அவர். 1954இல் வந்த 'பெண்' படத்தில் வீணை வித்தகர் எஸ். பாலசந்தரின் நடிப்புக்கு அவர் பின்னணி பாடினார். 'குலேபகாவலி', 'புதையல்', 'மணமகன் தேவை', 'நாடோடி மன்னன்' என அடுத்தடுத்து வந்த படங்கள் அவரை முன்னணிக்குக் கொண்டு சென்றன.

இனி வாதத்துக்கு வருவோம். 1959இல் வெளிவந்த 'சகோதரி' எடுத்து முடிக்கப்பட்ட பின்னர், அதில் ஏதோ குறைவதாக ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் உணர்ந்தார். சந்திரபாபுவை அழைத்துப் பால்காரர் வேடம் தந்து, தனியாக ஒரு நகைச்சுவைப் பகுதியைப் படமாக்கி இணைத்தார். படம் வெற்றி கண்டது. பிறர் சமைத்த உணவுக்குக் கடைசியில் உப்பிட்டுச் சுவை கூட்டிய பெருமை அது. ஆயினும் அந்த வேடம் கதையின் ஒட்டுப்பகுதியே அன்றி உயிர்ப்பகுதி அன்று.

1960இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' அவரைக் கதாநாயகராக்கியது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கி, நடிகையர் திலகம் சாவித்திரியுடன் நடித்தார். விவிலியத் தொடரையே தலைப்பாகக் கொண்ட அப்படத்தில், சிரிக்க வைக்கும் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் சந்திரபாபுவைக் காணலாம். இரண்டு படங்களும் வசூலில் தோற்றன. அவற்றுக்காக வாதாடுவோரின் பரிவு நியாயமானதே.

எனினும் என் வாக்கு 1958இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'சபாஷ் மீனா'வுக்கே. படம் பேர்பெற்றதுதான், ஆனால் அதில் அவர் ஏற்ற இரண்டாவது வேடம் உரிய அளவு பேசப்படவில்லை. நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் நண்பர் சேகராகவும், சென்னைத் தெருவில் ரிக்‌ஷா இழுக்கும் ஏழையாகவும் அவர் இருவேடம் பூண்டார். முகம் ஒன்று, நடையும் தோளின் சாய்வும் நாவின் ஓட்டமும் வேறு வேறு. ரிக்‌ஷாக்காரர் வாய்திறந்தவுடன் எழும் சென்னைப் பேச்சைக் கவனியுங்கள். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு அது வீட்டுமொழி அன்று. இளமைப் பருவத்தில் வந்து சேர்ந்த நகரில் செவிவழி கற்றது. நாகரிகமற்றதென்று பலர் ஒதுக்கிய பேச்சை அவர் திரையில் மதிப்போடு அமர்த்தினார். அங்கே சிரிப்பு பிறப்பது ஆள்மாறாட்டக் குழப்பத்திலிருந்தே. அம்மனிதரின் ஏழ்மையிலிருந்து அன்று. 1962இல் இக்கதை இந்தியில் 'தில் தேரா தீவானா' ஆனபோது, சந்திரபாபுவின் இடத்தில் நடித்த மெஹ்மூத் சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். மூலவருக்கு வாய்க்காத மாலை நகலுக்கு வாய்த்தது.

எம். ஜி. ஆரை நாயகராகக் கொண்டு அவர் இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. கடன் சூழ்ந்தது. இல்லறமும் நிலைக்கவில்லை, மதுப்பழக்கம் உடலை நலிவித்தது. 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம், தம் 46ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவருடைய துயரங்களைப் பேசுவோர் பலர். உழைப்பைப் பேசுவோர் சிலரே. ஆகவே இளையோரே, 'சபாஷ் மீனா'வைப் பெற்றோருடன் அமர்ந்து காணுங்கள். காட்சி மாறும்போது கண்களை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். பேசுபவர் சேகரா, ரிக்‌ஷாக்காரரா என்பதை உங்கள் செவியே சொல்லிவிடும். அயல்மண்ணில் வளர்ந்த ஒரு சிறுவன் தன் செவியைக் கூர்மையாக்கிப் பெற்ற தமிழ் அது.