போத்தனூர்ப் பணிமனையும் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலரும்

முன்னுரை

ஒரு தொழில் தழைப்பதற்கு முதல் வேண்டும், பொறி வேண்டும், இடம் வேண்டும். இவை அனைத்தும் இருந்தும், உழைக்கும் மாந்தரின் உள்ளம் இசையாவிடின் அத்தொழில் ஒரு நாளும் நில்லாது. இவ்வுண்மையை இன்று வணிகவியல் மாணவர்கள் 'மனிதவள மேலாண்மை' என்னும் தலைப்பில் பாடமாகப் பயில்கின்றனர். ஆனால் இப்பாடம் நூல்களில் ஏறுவதற்கு முன்பே நம் கொங்கு மண்ணில், போத்தனூர் இருப்புப்பாதைப் பணிமனையில், கண்ணீரால் எழுதப்பட்டது. அப்பாடத்தோடு பிரிக்கவியலாதபடி இணைந்த பெயர் ம. சிங்காரவேலர். அப்பெருமகனாரின் வாழ்வைப் போத்தனூரின் வாயிலில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் கல்வியும்

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில், கடலோரக் குப்பமொன்றில் மீனவர் குடியில் பிறந்தார். கல்வி எளிதில் கிட்டாத குடியில் தோன்றியும், மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். புத்தரின் அறநெறியிலும் அறிவியலிலும் அவர் உள்ளம் ஒருங்கே தோய்ந்தது. அவர் இல்லத்தில் திரண்டிருந்த நூல்களின் தொகுதி அக்காலத்தில் பலரும் வியந்து போற்றிய ஒன்றாகும்.

செல்வாக்கும் வருவாயும் தரவல்ல வழக்கறிஞர் தொழிலை, ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று அவர் துறந்தார். அப்போது அவர் அகவை அறுபதைக் கடந்திருந்தது. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் தொண்டை நாடினார் என்பது எண்ணத்தக்கது.

தொழிலாளர் தோழர்

1918ஆம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் அதனை வளர்த்தனர். 1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் போராடியபோது சிங்காரவேலர் அவர்கள் பக்கம் நின்றார். 1922ஆம் ஆண்டு கயாவில் கூடிய காங்கிரசு மாநாட்டில் தொழிலாளர், உழவர் நலன்களை எடுத்துரைத்தார். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் அவர் நடத்திய விழாவே இந்தியாவில் கொண்டாடப்பெற்ற முதல் மே நாள் ஆகும். 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கான்பூரில் கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார்.

இத்தகைய பெரியவரின் வாழ்வில் மிகக் கடுமையான சோதனையாக அமைந்தது, 1928ஆம் ஆண்டின் தென்னிந்திய இருப்புப்பாதை வேலைநிறுத்தமாகும்.

போத்தனூர் கண்ட புயல்

கோயம்புத்தூருக்கும் முன்னரே புகைவண்டியைக் கண்ட ஊர் போத்தனூர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற பாதை 1862ஆம் ஆண்டிலேயே இவ்வூரைத் தொட்டது. 1908ஆம் ஆண்டு இப்பகுதிப் பாதை தென்னிந்திய இருப்புப்பாதைக் கும்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. போத்தனூரின் வாழ்வு, சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உறங்கும் இருப்புப்பாதைக் குடியிருப்பின் வாழ்வாயிற்று.

கும்பெனியார் தம் பணிமனை வேலைகளைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ஒருங்கே குவிக்கத் திட்டமிட்டனர். பெரிய பணிமனை ஒன்றிருந்தால் செலவு குறையும். புதிய பொறிகள் வந்தால் ஆட்கள் குறைவாகப் போதும். கணக்கின் கண்கொண்டு நோக்கின் இஃது ஒத்துக்கொள்ளத்தக்கதே. ஆனால் அக்கணக்கின் மறுபக்கத்தில் 3,100க்கும் மேற்பட்ட தொழிலாளரின் வேலையிழப்பு இருந்தது. எஞ்சியோருள்ளும் போத்தனூரில் வேர்விட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவுக்குப் பெயர வேண்டியிருந்தது.

எவரை வைத்துக்கொள்வது, எவரை அனுப்புவது என்று முடிவு செய்யக் கும்பெனியார் கைக்கொண்ட வழி 'தொழில் தேர்வு' என்பதாகும். கொதிகலன் செய்வோர், வார்ப்படம் வார்ப்போர், பொறி பொருத்துவோர் ஆகியோர் தம் திறனைப் புதிதாக மெய்ப்பிக்க வேண்டுமென்றனர். இருபது, முப்பது ஆண்டுகள் எந்தப் பணியைச் செய்து கும்பெனியை வாழ்வித்தார்களோ, அப்பணியே தெரியுமா என்று வினவப்பட்டபோது தொழிலாளர் நெஞ்சம் புண்பட்டது. தேர்வு வைப்போர் மேலதிகாரிகளே. ஆதலின், சங்கத்தில் முன்னின்றோர் தோற்பதும் வேண்டியோர் வெல்வதும் நிகழுமோ என்ற அச்சமும் எழுந்தது.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆளை ஆராய்வது அவருக்குரிய பணியில் அவரை அமர்த்துதற்கு என்பதே அதன் நெறி. இங்கோ ஆராய்ச்சி, பணியில் அமர்த்துதற்கன்றிப் பணியினின்று அகற்றுதற்குக் கருவியாயிற்று. தேர்வு என்னும் முறை தீதன்று. அதனை ஏவிய நோக்கமே தீதாயிற்று எனலாம்.

போராட்டமும் தண்டனையும்

தேர்வைத் தொழிலாளர் மறுத்தனர். 1928ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் பணிமனைகள் கதவடைக்கப்பட்டன. பொன்மலை, நாகப்பட்டினம், போத்தனூர் ஆகிய மூன்றிடத்துத் தொழிலாளரும் ஒரே துயரில் இணைந்தனர். ஆட்குறைப்பைக் கைவிடுக, ஊதியத்தை உயர்த்துக, இன வேறுபாடின்றி நடத்துக என்பன அவர்தம் வேண்டுகோள்கள். வங்கத்திலிருந்து வந்த முகுந்தலால் சர்க்காரும் சிங்காரவேலரும் அவர்களுக்கு வழிகாட்டினர். ஜூலைப் பிற்பகுதியில் பணிமனைப் பூசல் பொது வேலைநிறுத்தமாக விரிந்தது. தென்னாட்டில் புகைவண்டிப் போக்குவரத்து நிலைகுலைந்தது.

அரசு அடக்குமுறையை ஏவியது. தலைவர்கள் சிறைபுகுந்தனர், சங்கத்துக்குக் கும்பெனியார் அளித்திருந்த ஏற்பு பறிக்கப்பட்டது. ஜூலைத் திங்கள் முடியும்போது வேலைநிறுத்தமும் முடிந்தது. வேண்டியது எதுவும் கிட்டவில்லை. பலர் வேலையிழந்தனர். சதி வழக்கில் சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தெட்டு! மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1930ஆம் ஆண்டு அவர் விடுதலையானார்.

தோல்வி தந்த பாடம்

இவ்வேலைநிறுத்தம் தோற்றது. எனினும், வென்றவர் கும்பெனியார் என்று கூறுதல் பொருந்துமா? வண்டிகள் முடங்கின; பழகிய கைகள் பிரிந்தன; எஞ்சிய தொழிலாளர் நெஞ்சில் நம்பிக்கை அற்றது. முன்கூட்டி அழைத்துப் பேசியிருப்பின், ஓய்வு பெறுவோர் இடங்களை நிரப்பாது படிப்படியாக எண்ணிக்கையைக் குறைத்திருப்பின், பிரிவோருக்கு வாழ்வூதியம் வகுத்திருப்பின், இத்துணை இழப்பு நேர்ந்திராது.

அவ்வாண்டுகளில் நாடெங்கும் எழுந்த வேலைநிறுத்தங்களின் பின்னணியில், 1929ஆம் ஆண்டு விட்லி தலைமையில் அரசு தொழிலாளர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1931இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை அமர்த்துமாறு பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டுமென விதித்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில் 1953ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் கட்டாயமாக்கியது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அச்சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. மனிதவள அலுவலர் என்று இன்று நாம் மதிக்கும் பதவியின் வேர், அன்றைய பூசல்கள் நிகழ்ந்த மண்ணில்தான் உள்ளது.

கொங்கு நாட்டுத் தொடர்பும் இறுதிக் காலமும்

சிறை மீண்ட சிங்காரவேலரின் எழுத்துப்பணிக்குக் கொங்கு நாடே களமாயிற்று. ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடிஅரசு' இதழில் அறிவியலையும் பொருளியலையும் எளிய தமிழில் அவர் எழுதினார். 1932ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியாரின் அழைப்பின்பேரில் ஈரோட்டில் உருவான சமதர்மத் திட்டத்தை வகுத்தவரும் அவரே. முதுமையிலும் எழுதுகோலைக் கீழே வையாத அவர், 1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் மறைந்தார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இன்று சிங்காரவேலர் மாளிகை என அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

முடிவுரை

போத்தனூர்ச் சந்திப்பில் வண்டி மாறும் மாணவர் பலர். அந்நிலையத்தை அடுத்து இருப்புப்பாதையின் சைகை, தொலைத்தொடர்புப் பணிமனை இன்றும் இயங்கி வருகின்றது. அவ்வழியே செல்லும்போது, தம் கைத்திறனை ஐயுற்றவர் முன் தலைநிமிர்ந்து நின்ற அம்முன்னோரை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நன்று. நாளை நம் மாணவருள் சிலர் அலுவலகங்களில் அமர்ந்து, எவர் இருப்பது எவர் போவது என்னும் பட்டியலில் கையொப்பமிடும் நிலையை எய்தலாம். அந்நாளில் பட்டியலின் ஒவ்வொரு பெயரின் பின்னும் ஓர் அடுப்பு எரிகின்றது என்பதை அவர்கள் மறவாதிருப்பின், அறுபத்தெட்டாம் அகவையில் அம்முதியவர் ஏற்ற சிறைவாழ்வு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.