பட்டிதொட்டிக்கும் மின்சாரம் தந்த காமராஜர்

காமராஜர் என்றதும் பள்ளிக்கூடமும் மதிய உணவும் நினைவுக்கு வரும். கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாகப் பரவியதும் அவர் ஆட்சியில்தான்.

இளமையில் வறுமை

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மையார். சிறு வயதிலேயே தந்தை காலமானார். படிப்பு பாதியில் நின்றது. மாமன் கடையில் வேலைக்குப் போனார். ஏழ்மையை அவர் ஏட்டில் படிக்கவில்லை, வாழ்ந்து அறிந்தார்.

1954-ல் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார்.

ஆவடி மாநாடு

1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தேபர் தலைமை வகித்தார். நேருவும் வந்திருந்தார். நாட்டின் செல்வம் பெருக வேண்டும், அது எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று.

மின்சாரமும் ஒரு செல்வந்தானே! அது நகரத்துக்கு மட்டும் போதுமா?

கிராமத்துக்குக் கம்பி இழுக்கச் செலவு அதிகம். தூரமோ நெடுந்தூரம். விளக்குப் போடுகிறவர்களோ சிலர். லாபத்தை மட்டும் பார்த்தால் கம்பி நகர எல்லையோடு நின்றுவிடும். காமராஜர் அப்படி நிற்க விடவில்லை.

1957-ல் மின்சார வாரியம் அமைந்தது. ஆர். வெங்கட்ராமன் மின்சார மந்திரியானார். நீலகிரியில் கனடா நாட்டு உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் உருவாயிற்று. நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் இருந்து 1962-ல் மின்சாரம் பிறந்தது.

மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடியது. பம்பு செட்டுகளின் எண்ணிக்கையில் சென்னை ராஜ்யம் நாட்டிலேயே முன்னணியில் நின்றது.

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. பக்கத்து அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஆலையும் வயலும் ஒரே மின்சாரத்துக்குக் கை நீட்டின. இரண்டுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

இருட்டில் இருந்த குடிசை

ஊருக்குக் கம்பி வந்தும் எல்லாக் குடிசைக்கும் வெளிச்சம் வரவில்லை. தெருவில் மின்கம்பம் நிற்கும். பணம் கட்ட வழியில்லாத வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரியும். குடிசைக்கு ஒரு விளக்கு இலவசம் என்பது பிறகு வந்த ஆட்சியில்தான் நடந்தது. ஆனால் முன்பே ஊரில் கம்பம் நட்டிருந்ததால் அது சுலபமாயிற்று.

1963 அக்டோபர் 2-ந்தேதி காமராஜர் பதவியைத் துறந்தார். 1975-ல் அதே அக்டோபர் 2-ந்தேதி சென்னையில் காலமானார். சொந்த வீடு கிடையாது. இருந்தது வாடகை வீடு. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்பார்கள்.

அவர் ஆட்சியில் ஊர் ஊராக ஏற்றிய விளக்கு அணையவில்லை.