சின்செண்டார்ப்: சிறிய சபையின் பெரிய தரிசனம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1700ஆம் ஆண்டு பிரபு குடும்பத்தில் பிறந்தவர் நிக்கோலஸ் சின்செண்டார்ப். ஹாலே நகரில் பள்ளி மாணவனாயிருந்தபோதே தரங்கம்பாடி மிஷனெரிகளின் ஊழியச் செய்திகளைக் கேட்டு, ஆத்தும பாரம் அடைந்தார்.

விசுவாசத்தினிமித்தம் மொராவியாவிலிருந்து தப்பி வந்தோருக்கு 1722இல் தமது நிலத்தில் அடைக்கலம் கொடுத்தார். ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் உருவாயிற்று. விரைவிலேயே அங்கு பிரிவினைகள் தலைதூக்கின. பிரபு வீடு வீடாகச் சென்று அவர்களை ஒப்புரவாக்கினார். 1727 ஆகஸ்டு 13 அன்று நடந்த திருவிருந்தில் சபையார் ஒருமனப்பட்டனர்; அம்மாதமே இடைவிடாத ஜெபச்சங்கிலி தொடங்கிற்று.

சிறுவர், வாலிபர், கன்னியர், மணமானோர் எனத் தனித்தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1730இல் அன்னா நிட்ச்மன் 14 வயதிலேயே பெண்களின் மூப்பராகத் தெரிந்துகொள்ளப்பட்டார்.

1731இல் கோபன்ஹேகன் சென்ற பிரபு, செயின்ட் தாமஸ் தீவில் அடிமையாயிருந்த ஆன்டன் வாயிலாக அங்குள்ள அடிமைகளின் துயரத்தை அறிந்தார். சபை பெருகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சில நூறு பேரே இருந்த அச்சபையிலிருந்து 1732இல் குயவர் டோபரும் தச்சர் டேவிட் நிட்ச்மனும் அத்தீவுக்குப் புறப்பட்டனர்.

விலைக்கிரயம் பெரிது. 1734இல் செயின்ட் குரோய் தீவுக்குச் சென்றோரில் பலர் நோயினால் மடிந்தனர். 1739இல் பிரபு தாமே செயின்ட் தாமஸ் சென்றபோது, ஒரு தம்பதியர் உட்பட மிஷனெரிகள் சிறையிலிருந்தனர். அவர்களை விடுவித்தார்.

1760இல் சின்செண்டார்ப் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதே ஆண்டில் அவரது சபையார் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். வாலிபரையும் குடும்பங்களையும் ஆயத்தப்படுத்தி அனுப்பும் சிறு சபையைக் கர்த்தர் தூர தேசங்களிலும் கனப்படுத்துகிறார்.