சவர்க்காரத்தின் உட்பொருள் கண்ட மேதை

நாம் விற்கும் சவர்க்காரத்தில் சேர்ந்திருப்பது எந்தக் கொழுப்பு என்று புந்தோங் வாடிக்கையாளர் கேட்டால், நாம் விடை கூற வேண்டாமா? அதற்கு வழி திறந்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞராவார்.

இவர் 1786ஆம் ஆண்டு ஆன்ஜே நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 17ஆம் வயதில் பாரிஸ் சென்று ரசாயனம் பயின்றார். 1811இல் பன்றிக் கொழுப்பால் செய்த சவர்க்காரம் ஒன்று இவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தது. அதில் அமிலம் சேர்த்தபோது, முத்துப்போல் மின்னும் பொருளொன்று பிரிந்தது. கொழுப்பும் காரமும் அப்படியே கலப்பதன்று சவர்க்காரம். காரம் கொழுப்பை உடைத்து, கிளிசரினைப் பிரித்து, கொழுப்பமிலத்தோடு தான் கூடுகிறது என இவர் நிறுவினார். கிளிசரின், ஸ்டியரிக், ஒலீயிக் ஆகியவை இவர் இட்ட பெயர்களே. 1823இல் தம் ஆராய்ச்சிகளை நூலாக்கினார். 1889இல், 102ஆம் வயதில் காலமானார்.

இன்றைய உறைகளைப் பாருங்கள். சோடியம் பாமேட் என்றால் செம்பனை எண்ணெய். கோகோவேட் என்றால் தேங்காயெண்ணெய். டாலோவேட் என்றால் பிராணிக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுடையது. லார்டேட் என்றால் பன்றிக் கொழுப்பு. ஸ்டியரேட் மட்டும் தன் மூலத்தைச் சொல்லாது. அது தாவரத்திலிருந்தும் வரும், பிராணியிலிருந்தும் வரும். டாலோவேட்டிலும் அறுத்த முறை தெரியாது. அத்தகைய சரக்குக்கு ஹலால் முத்திரை உண்டா என்று பார்த்து, இல்லையேல் தயாரிப்பாளரிடம் விசாரித்து வாங்குவதே நம் வாணிபத்துக்கு அழகாகும்.